நரி பரியான கதை

தில்லை நகரத்துக்கு வருவோர் காதில் இன்றும் விழுகின்ற கதை ஒன்றுண்டு. பாண்டியனின் அமைச்சர் வாதவூரார், குதிரை வாங்குவதற்கென்று கருவூலத்திலிருந்து பெற்றுச் சென்ற பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார், அரசன் சினந்தான், சிறையிட்டான், அடியாரைக் காக்க ஆண்டவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கினான், வணிகன் வேடம் பூண்டு மதுரைக்கு ஓட்டி வந்தான். பகலெல்லாம் பளபளத்த பரிகள், இரவிலே மீண்டும் நரிகளாயின. லாயத்தில் நின்ற உண்மைக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊருக்குள் ஓடின. அந்த வாதவூரார்தாம் மணிவாசகராகித் தில்லையிலே சோதியில் கலந்தார் என்று கதை முடிகிறது.

நாம் இக்கதையை நம்புவதில்லை. நரிக்குப் பிறப்பது நரி. பரிக்குப் பிறப்பது பரி. இடையிலே மந்திரம் இல்லை. வரலாறு சொல்லும் செய்தி வேறு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இங்கே வாங்கப்பட்ட குதிரைகள், பேணத் தெரியாதார் கையில் அகப்பட்டு, ஆண்டு முடியுமுன்பே பெரும்பாலும் மடிந்தன என்று எழுதி வைத்தார். புராணத்தில் குதிரையைக் கொன்றது நரி; வரலாற்றில் குதிரையைக் கொன்றது மனிதனின் பெருமிதமும் அறியாமையும்!

ஆயினும், பொய்க்கதை என்று புறந்தள்ளுமுன் ஒரு வினா. ஆண்டவன் செய்ததாகச் சொல்லப்படும் அந்த வித்தையை நம் கண்ணெதிரே மனிதர் சிலர் செய்து காட்டியிருக்கிறார்களே, கண்டோமா? சூது என்னும் நரியைப் பிடித்து வந்து, 'திறமை' என்னும் சேணத்தைப் பூட்டி, பரி என்று பெயரிட்டுப் பட்டப்பகலில் ஓட்டிக் காட்டினார்களே, கேட்டோமா? கோயில் கதையை நம்ப மறுத்த நாம், கிண்டி மைதானத்துக் கதையை நம்பிவிட்டோமே, அது எப்படி?

அதைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

கடலூர்த் தோழர்கள் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குச் செல்லும்போது, கெடிலத்தின் கழிமுகத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்களைக் கண்டிருப்பர். சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த ஆங்கிலக் கம்பெனி, 1746 முதல் 1752 வரை அந்தக் கோட்டையைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இங்கே ஒதுங்கி, உயிர் பிழைத்து, சென்னைக்குத் திரும்பிய கம்பெனி, வணிகத்தோடு நின்றதா? நிற்கவில்லை. ஊரை ஆளத் தொடங்கிற்று; ஆண்ட களைப்புத் தீரப் பொழுதுபோக்குத் தேடிற்று. 1777 முதலே கிண்டியில் குதிரைகள் ஓடின என்பர். 1896-ல் சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் அமைந்தது. துரைமார் ஆடினர், துரைமாரைப் பார்த்து ஜமீன்தார் ஆடினர், ஜமீன்தாரைப் பார்த்துக் குமாஸ்தா ஆடினார். துரை போனார், ஜமீன் போயிற்று, குமாஸ்தாவின் கடன் மட்டும் போகவில்லை!

அந்நாளில் சட்டம் என்ன சொல்லிற்று? மரத்தடியில் நான்கு கூலிக்காரர் சீட்டை விரித்துக் காசு வைத்தால் அது சூது, போலீஸ் வரும், விலங்கு வரும். ஆனால் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், பந்தய நாளன்று, அதற்கென ஒதுக்கப்பட்ட அடைப்புக்குள் குதிரைமீது கட்டும் பணத்துக்கு மட்டும் விலக்களித்தது. அதே மனிதன், அதே குதிரை, அதே பத்து ரூபாய். வேலிக்கு வெளியே நின்று கட்டினால் குற்றவாளி. வேலிக்கு உள்ளே நின்று கட்டினால் கனவான்! வேலிக்கு வெளியே நரி. வேலிக்கு உள்ளே பரி! வாதவூரார் காலத்து வித்தைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இந்த வித்தையை முடித்து வைக்கத் தமிழ்நாடு முயலாமல் இல்லை. 1974-ல், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1975 மார்ச் 31 முதல் பந்தயம் இல்லை என்றாயிற்று. கழகத்தார் உயர்நீதிமன்றம் சென்றனர், தோற்றனர். உச்சநீதிமன்றம் சென்றனர், இடைக்காலத் தடை பெற்றனர். 'இடைக்காலம்' என்ற சொல்லின் நீளத்தைக் காணீர்: இருபது ஆண்டுகளுக்கு மேல்! இடையிலே 1986-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கழகத்தையே அரசு கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு முதலமைச்சர்கள் இந்த ஒரு பொருளிலே ஏறத்தாழ ஒரே திசையில் நடந்தனர். ஆயினும் 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் தற்செயலைவிடத் திறமையையே பெரிதும் சார்ந்த விளையாட்டு, எனவே அது சூதாட்டம் அன்று, 1974-ன் சட்டம் அதைத் தொடாது, 1986-ன் சட்டம் செல்லாது.

நீதிமன்றத்தை நாம் மதிக்கிறோம். தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம். ஆனால் தீர்ப்பிலுள்ள சொல்லை ஆராயும் உரிமையை யாரிடமும் அடகு வைக்கவில்லை. 'ஏன், எதற்கு, எப்படி' என்று கேட்பதுதானே பகுத்தறிவின் அரிச்சுவடி? கேட்போம்.

யாருடைய திறமை? குதிரையின் குலம், பயிற்சி, முந்தைய ஓட்டம், மேலே ஏறுபவனின் கைவண்ணம், தரையின் ஈரம், சுமக்கும் எடை — இவற்றையெல்லாம் படித்து, எடைபோட்டு, பணம் கட்டுபவனின் திறமையாம்! இருக்கட்டும். அப்படிப் படித்து ஆய்பவன் ஒருவனும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்ப்போம். பந்தயம் கட்டுவோர் பணம் ஒரு குவியலாகச் சேருகிறது. அதிலிருந்து கழகத்தின் பங்கு எடுக்கப்படுகிறது. அரசின் வரி எடுக்கப்படுகிறது. மிஞ்சியதே வென்றவர்க்குப் பிரித்துத் தரப்படுகிறது. கட்டியவர் அனைவரும் மேதைகளாகவே இருந்தாலும், அவர்கள் எல்லாரும் சேர்ந்து பெறும் தொகை, எல்லாரும் சேர்ந்து கட்டிய தொகையைவிடக் குறைவாகத்தானே இருந்தாக வேண்டும்? ஆயிரம் பேர் நுழையும் வீட்டில், நுழைந்தபோது இருந்ததைவிட மொத்தப் பணம் குறைந்தே வெளியே வரும் என்று விதி எழுதிய பிறகு, 'திறமை இருந்தால் வெல்லலாம்' என்று வாயிலில் பலகை மாட்டுவது எத்தகைய நேர்மை? ஒருவன் வெல்கிறான் என்றால் பக்கத்தில் நின்றவன் தோற்றான் என்று பொருள். அந்த இருவரிடமும் பங்கு பெற்றவர் மூன்றாமவர் என்று பொருள். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தாரே, ஏன்? சூதாடி மூடன் என்பதற்காக அன்று; சூதாடி தன்னை அறிவாளி என்று நினைக்கிறான் என்பதற்காக!

வரி வருகிறதே என்பர். வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு. சூதாட்ட விடுதிக்கும் அதே வரி. லாட்டரிக்கும் அதே வரி. வரி போடும்போது பந்தயத்தை நரிகளின் கொட்டடியில் சேர்க்கிறார்கள். அனுமதி கொடுக்கும்போது பரிகளின் லாயத்தில் சேர்க்கிறார்கள். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்!

பணத்தை விடுவோம். பணம் கட்டியவன் தானாக வந்தான், தானாகத் தோற்றான். தானாக வராத ஒருவன் அந்த மைதானத்தில் உண்டு. அவனை யாரும் கேட்கவில்லை. அவனுக்குப் பேச வாயில்லை. அவன்தான் குதிரை.

குதிரையின் காலை உற்றுப் பாருங்கள், தோழர்களே. ஒவ்வொரு காலும் ஒற்றை விரலில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். முழங்காலுக்குக் கீழே தசை ஏறக்குறைய இல்லை. எலும்பும் நாணும் தோலும்தான். ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ எடையுள்ள உடல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் முழுச் சுமையும் ஒரே காலில் இறங்குகிறது. உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு அழுத்தம், ஆயிரம் கிலோவுக்கு மேல், அந்த ஒற்றை விரலின்மீது. மேலே ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட மனிதனும் சேணமும் வேறு. குதிரையின் எலும்புக்கூடு முற்றும் முதிர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். முதுகெலும்புதான் கடைசியில் முதிரும். பந்தயக் குதிரையோ இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையின் தலையில் செங்கற்கூடையை ஏற்றினால் நாம் பதறுவோமே. இந்தப் பிள்ளைக்குப் பதறுவார் யார்?

கால் முறிந்தால் கட்டுப் போட்டு ஆற்றலாமே என்று கேட்கத் தோன்றும். குதிரை நெடுநாள் படுத்திருக்க முடியாத உயிர். நின்றால் முறிந்த காலின் சுமையும் மற்றக் காலுக்கு வரும். அந்தக் குளம்பும் அழற்சி கண்டு கெடும். ஆகவேதான் முறிவு பெரிதாயின் மைதானத்திலேயே திரை கட்டி மறைத்து உயிரைப் போக்குகிறார்கள். திரை எதற்கு? குதிரைக்கு வெட்கம் என்றா? காண்போர்க்கு உண்மை தெரியக்கூடாது என்று!

வெளியே தெரியாத காயங்கள் இன்னும் பல. முழு வேகத்தில் ஓடிய குதிரையின் மூச்சுக்குழலைக் கருவி கொண்டு நோக்கிய மருத்துவர்கள், பாதிக்கும் மேற்பட்ட குதிரைகளில் நுரையீரல் குருதிக் கசிவைக் கண்டிருக்கிறார்கள். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் மிகப் பலவற்றுக்கு இரைப்பைப் புண். இயற்கையில் நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிக்கும் உயிரைச் சிறு கொட்டடியில் அடைத்து, புல்லைக் குறைத்துத் தானியத்தைத் திணித்தால் புண் வராமல் பூவா மலரும்? மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவதும், தலையை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டுவதும் குதிரையின் குறும்பு என்பர். குறும்பு அன்று; சிறைவாசத்தின் நோய்.

பிறகு சாட்டை. 'இப்போது மெத்தை வைத்த சாட்டை, வலிக்காது' என்கிறார்கள். வலிக்காத சாட்டைக்கு ஓடுவானேன்? ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், குதிரையின் தோலையும் மனிதனின் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டனர். மேல்தோலின் தடிப்பிலும், வலியறியும் நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று கண்டனர். நார்வே நாடு 1982-லேயே குதிரையை விரட்டச் சாட்டை வீசுவதைத் தடுத்துவிட்டது. அங்கே குதிரைகள் ஓட மறந்து படுத்துக்கொள்ளவில்லை!

நம் சட்டம் என்ன செய்கிறது? விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. விலங்கை அடித்தாலோ துன்புறுத்தினாலோ முதற் குற்றத்துக்கு அது வகுத்த தண்டத்தொகை, 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல்! லட்சங்களுக்கு விலை பேசப்படும் குதிரையின் வலிக்கு விலை ஐம்பது ரூபாய். அதே சட்டத்தின் கீழ், காட்சிப்படுத்தவும் பழக்கவும் கூடாத விலங்குகள் என்று 1998-ல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை அறிவித்தனர். 2011-ல் காளையைச் சேர்த்தனர். குதிரையை எவரும் சேர்க்கவில்லை. 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம், காளையின் உடலமைப்பு குதிரையைப் போல் ஓடுவதற்கு ஏற்றதன்று என்று கூறிற்று. காளைக்கு இரக்கம் காட்ட எழுதிய வரி, குதிரைக்குச் சாட்டையாகிவிட்டது. ஓடப் பிறந்தது குதிரை, ஆகவே ஓட்டலாம்! பாடப் பிறந்தது குயில், ஆகவே கழுத்தை நெரித்துப் பாட வைக்கலாம் என்பாரா?

கதையில் பகல் முடிந்து இரவு வந்ததும் பரி நரியாயிற்று. நம் காலத்திலும் இரவு வந்தது.

1967-ல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மிச் சீட்டாட்டம் திறமை சார்ந்தது என்றது உச்சநீதிமன்றம். 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமையாயிற்று. இந்த இரண்டு தீர்ப்புகளையும் இரண்டு கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு வந்தன இணையச் சூதாட்ட நிறுவனங்கள். கடலூர் முதுநகரில் வலை உலர்த்தும் இளைஞன் கையிலும், சிதம்பரத்தில் விடுதி அறையில் விளக்கணைத்துப் படுத்த மாணவன் கையிலும், நெய்வேலியில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் தொழிலாளி கையிலும் மைதானம் வந்து இறங்கிற்று. கிண்டிக்குச் செல்ல ரயில் ஏறவேண்டும். இதற்குப் பாயிலிருந்து எழவும் வேண்டாம். கடன், அடகு, பொய், அவமானம், கடைசியில் சிலர் வீட்டில் உத்தரத்துக் கயிறு. தமிழ்நாடு 2021-ல் தடுத்தது. 'திறமை ஆட்டத்தைத் தடுக்கலாகாது' என்று அச்சட்டம் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்து, 2022-ல் மீண்டும் சட்டம் செய்தது. 2023 நவம்பரில், திறமை ஆட்டங்களாம் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. அடைப்புக்குள் பரி என்று பெயரிட்டு வளர்த்தது, இரவிலே கட்டறுத்து ஏழை வீட்டுக்குள் புகுந்து கடித்தது. லாயத்துக்கு வெளியே ஓடிய நரியின் தடத்தைப் பின்பற்றிச் சென்றால், அது அந்த ஒற்றைச் சொல்லிலே போய் முடிகிறது — திறமை!

இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றிற்று: பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம், திறமையாயினும் தற்செயலாயினும், கூடாது. நன்று. அந்தச் சொல்லின் மாயத்தை நாடாளுமன்றமே உடைத்துவிட்டது. திறமையா இல்லையா என்பதன்று வினா, குடும்பம் குலைகிறதா இல்லையா என்பதே வினா என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியாயின் கைப்பேசித் திரையில் நரியாகத் தெரிவது, கிண்டிப் புல்தரையில் மட்டும் பரியாகத் தெரிவானேன்? அங்கே பணம் மட்டுமா போகிறது? ஓர் உயிரின் எலும்பும் அன்றோ உடைகிறது!

கிண்டிப் புல்தரை என்றோமே, அது யாருடைய தரை? நம்முடைய தரை. 1945-ல் 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தனர். வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை! கொள்ளிடக் கரையில் அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் நட்டுவிட்டு, வெள்ளம் வருமா, வறட்சி வருமா என்று வானத்தைப் பார்க்கும் உழவன், இந்தக் கணக்கை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கேட்டது. 2023-ல் உயர்நீதிமன்றம் செலுத்தச் சொல்லிற்று. 2024 ஜூனில் உதகைப் பந்தயத் திடலை அரசு மீட்டது. அங்கே குத்தகை 1978-லேயே முடிந்திருந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று கிண்டிக் குத்தகையை நீக்கி நிலத்தில் இறங்கியது. வெள்ளத்தில் மிதக்கும் சென்னைக்கு நீர்த்தேக்கக் குளங்களும் பசுமைப் பூங்காவும் அங்கே அமைக்க முனைந்தது.

நில மீட்பைப் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றை மறவாதீர்: வாடகை தரவில்லை என்று நிலத்தை மீட்பது வேறு, கொடுமை என்று பந்தயத்தை ஒழிப்பது வேறு. 730 கோடியையும் நாளைக்கே எண்ணி வைத்துவிட்டால் குதிரையின் கால் உறுதியாகிவிடுமா? சிங்கப்பூரைப் பாருங்கள். 1843-ல் தொடங்கிய பந்தயத்தை 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசி ஓட்டத்தோடு முடித்தது அந்நாடு. கிராஞ்சியில் 120 ஹெக்டேர் நிலத்தை வீடு முதலிய தேவைகளுக்கு எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. இன்னொரு திடலுக்கு ஓட்டவில்லை; ஓட்டத்தையே முடித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான்டா அனிதா திடலில், 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜூன் வரை நடந்த ஒரே பருவத்தில் 30 குதிரைகள் மடிந்தன. செல்வத்தில் குறைவா அந்நாட்டுக்கு? மருத்துவத்தில் குறைவா? இல்லை. குறை ஓட்டத்திலேயே இருக்கிறது.

மறுப்போர் சொல்வதையும் கேட்போம். 'குதிரைக்காரர் பிழைப்பு என்னாவது?' என்கிறார்கள். நியாயமான கேள்வி. வைகறையில் எழுந்து குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொட்டடி கூட்டும் தொழிலாளி நமக்கு எதிரி அல்லன், நம்மவன். பந்தயத்தில் பணம் சேர்த்தவன் அவன் அல்லன். குதிரையின் உதை வாங்கியவன் அவன். அவனுக்கு மாற்றுவேலை, மீட்ட நிலத்தில் அமையும் பூங்காவில் முதலிடம், ஓய்வுக் குதிரைகளைப் பேணும் காப்பகத்தில் ஊதியம் — இவற்றை எழுதாத சட்டம் அரைச் சட்டம். ஆனால் கள்ளுக்கடையை மூடச் சொன்னபோதும் கடை ஊழியனைக் காட்டித்தான் கடைக்காரன் அழுதான் என்பதையும் மறக்கவேண்டாம்.

'பழமையான விளையாட்டு' என்கிறார்கள். பழமை என்ற சொல்லுக்குத் தலைவணங்கும் பழக்கத்தை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். உடன்கட்டையும் பழமை, தீண்டாமையும் பழமை. எத்தனை ஆண்டாக நடக்கிறது என்று கேட்பவன் பழைமைவாதி. யார் செலவில் நடக்கிறது என்று கேட்பவன் பகுத்தறிவாளன்.

இதுவரை கைதட்டிய தோழர்களே, இனிச் சொல்லப்போவது நம் வீட்டைப் பற்றியது. கையைச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள்.

கிண்டியில் கனவான் ஓட்டினால் கொடுமை. நம் ஊர்ச் சாலையில் நம் மாமனும் மச்சானும் ஓட்டினால் வீரமா? தைத் திங்களில் கொள்ளிடத்துக்குத் தெற்கே திருக்கடையூர்ப் பக்கம் குதிரையும் மாடும் பூட்டிய ரேக்ளா வண்டிகள் தார்ச்சாலையில் பறக்கின்றன. சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பார்க்கப் போகாதவரா நாம்? தார்ச்சாலை புல்தரையைவிடக் கடினம். குதிரையின் கால் ஒன்றேதான். வண்டிமாட்டை விரட்ட வாலை முறுக்குவதையும் கடிப்பதையும், ஆணி பதித்த கோலால் குத்துவதையும் 2014-ன் தீர்ப்பே பட்டியலிட்டுக் காட்டிற்று. 2017-ல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டுக்குத் திருத்தச் சட்டம் கொணர்ந்தது. 2023 மே 18 அன்று உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. 'குதிரைப் பந்தயம் நடக்கும்போது ஜல்லிக்கட்டுக்கு மட்டும் தடையா?' என்று அந்நாளில் இளைஞர் கேட்டனர். கூர்மையான கேள்வி, கேட்டது சரி. ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையால் கிண்டியைக் குத்திவிட்டு, மறுமுனையைத் துணியால் சுற்றி மறைப்பது பகுத்தறிவாகாது. அவர்கள் வதைக்கிறார்கள், ஆகவே நாமும் வதைப்போம் என்பது உரிமைக்குரல் அன்று. வதையில் சமபங்கு கேட்கும் குரல்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம். 1968-ல் லாட்டரிச் சீட்டை இங்கே தொடங்கியது அரசுதான். நம் நெஞ்சுக்கு உகந்தோர் நடத்திய அரசுதான். நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினர். ஆயினும் தெருவோரத்தில் சீட்டு வாங்கிச் சீரழிந்த குடும்பங்களைக் கண்ட பிறகு, 2003-ல் விற்பனை தடைசெய்யப்பட்டது. நல்லவர் வளர்த்தால் நரி பரியாகிவிடாது என்பதற்கு அதுவே சான்று. தவறைத் தவறென்று நாமே சொன்னால்தான், பிறர் தவறைச் சுட்டும் விரலுக்கு வலிமை உண்டு.

கடலூர் மாவட்டத்து ஊர்ப்புறங்களில் ஐயனார் கோயில் மண்குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். சுட்ட மண்ணுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசி, மாலை சூட்டி, அதன் முன் விழுந்து வணங்குவர். அதே ஊரின் கடைத்தெருவில், வண்டிக்கு உதவாதென்று அவிழ்த்துவிடப்பட்ட உயிர்க்குதிரை, முதுகுப்புண்ணில் ஈ மொய்க்க, குப்பைத்தொட்டியில் காகிதம் தின்றுகொண்டு நிற்கும். மண்ணுக்கு மாலை, உயிருக்குக் குப்பை! இந்த முரணைக் கண்டு சிரிக்கத் தெரிந்த நாம், கண்டு கலங்கவும் கற்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்பன இவை. 1974-ல் தமிழ்நாடு எடுத்த முடிவை, 2025-ன் நாடாளுமன்றச் சட்டம் ஏற்ற நியாயத்தின் துணைகொண்டு, மீண்டும் சட்டமாக்குக. திறமை என்ற சொல்லுக்குள் பணயம் ஒளிய இடம் தராதீர். அதுவரையில், ஒவ்வொரு குதிரைக்கும் பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கு வைத்து மக்கள்முன் வெளியிடுக. ஓடி முடித்த குதிரை எங்கே போயிற்று என்பது எவர்க்கும் தெரியட்டும். எலும்பு முதிராத குட்டியை ஓட்டாதீர். சாட்டையை ஒழித்திடுக. ஐம்பது ரூபாய்த் தண்டத்தை மாற்றுக. இதே விதிகள் கிண்டிக்கும் பொருந்தட்டும். ரேக்ளாச் சாலைக்கும் பொருந்தட்டும். இளைஞர் மன்றங்கள் தத்தம் ஊரில் பந்தயச் சாலையோரம் நின்று, விசிலடிக்க அன்று, விலங்கின் காலைப் பார்க்க, முதுகைப் பார்க்க, புகார் எழுதப் பழகட்டும்.

அந்தப் பழங்கதையிலே இன்னொரு நுட்பம் உண்டு. குதிரையைக் கைமாற்றும்போது கயிறு மாற்றிக் கொடுப்பது வணிக மரபாம். கயிறு கைமாறிய பிறகு குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவன் பொறுப்பல்லன். மாயவணிகனும் அப்படித்தான் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிப் போனான். இன்றும் கயிறு கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. உரிமையாளர் பயிற்சியாளரிடம் கொடுக்கிறார், பயிற்சியாளர் மேலேறுபவரிடம், அவர் கழகத்திடம், கழகம் சட்டத்திடம், சட்டம் 'திறமை' என்ற சொல்லிடம். குதிரை விழும்போது கயிறு யார் கையிலும் இல்லை!

நாம் கேட்கிறோம்: அந்தக் கயிற்றின் ஒரு நுனி, பந்தயம் கட்டியவன் கையில் இல்லையா? வேடிக்கை பார்த்தவன் கையில் இல்லையா? வரி வாங்கியவர் கையில் இல்லையா? இதைப் படித்துவிட்டு மடித்து வைக்கப்போகும் நம் கையில் இல்லையா?

இருக்கிறது. ஆகவே, தோழர்களே, கயிற்றை அடுத்தவனிடம் கொடுக்காதீர்கள். அவிழ்த்துவிடுங்கள்.